பஜ்ஜி எண்ணெயில் என்ஜின் ஓடுது! டிரம்மைத் தூக்கினால் தீருமா?

"சந்துக்குள்ளே சாராயம் காய்ச்சுறாங்க சார்!"

போலீசுக்குப் போன போன் இது. சென்னையில் மெக்கானிக் ஷெட்டுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்து. சாயங்கால நேரம். இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். பின்னாலேயே நானும் போனேன். நல்ல கிரைம் செய்தி சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே நீல டிரம் இரண்டு. அடுப்பு ஒன்று. மேலே தொங்கும் துணிப்பை. கீழே குழாய். சொட்டுச் சொட்டாக வடியும் திரவம். பார்த்தால் அசல் ஊறல் மாதிரியே இருந்தது! ஏட்டு ஐயா விரலால் தொட்டு மூக்கில் வைத்தார். முகம் மாறிவிட்டது.

"யோவ்.... மிளகாய் பஜ்ஜி வாசனைய்யா இது!"

ஷெட்டுக்கார மெக்கானிக் அண்ணன் செய்துவந்த வேலை இதுதான். அக்கம்பக்கத்து ஆறு பஜ்ஜிக் கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்குகிறார். வடிகட்டுகிறார். ஒரு காலத்தில் கிணற்றில் தண்ணீர் இறைத்த பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினில் ஊற்றுகிறார். என்ஜின் ஓடுகிறது. அதில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரும் ஓடுகிறது. டீசல் செலவு பாதிக்குப் பாதி மிச்சம் என்கிறார்.

சாராயம் இல்லை என்று தெரிந்ததும், "எதுவா இருந்தாலும் டிரம்மை எடுத்துடு" என்று எச்சரித்துவிட்டுப் போலீசார் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்தேன். டீ வந்தது. டிரம்மை எடுக்கச் சொன்னது சரியா? பாதி சரி, பாதி தப்பு என்பது என் கட்சி.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜினைக் கடலெண்ணெயில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். எண்ணெயிலும் டீசலுக்குக் கொஞ்சம் குறைவான சூடு இருக்கிறது. ஆனால் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. சங்கடம் அங்கேதான். அதோடு மாவுத் துகள், கருகிய வெங்காயம், காயில் இருந்து இறங்கிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து வருகிறது.

அண்ணனின் கைமுறையைக் கேளுங்கள். கடைகளில் வாங்கிவந்ததை முதலில் டிரம்மில் ஊற்றி இரண்டு வாரம் அசையாமல் விடுகிறார். கசண்டும் தண்ணீரும் அடியில் தங்கும். குழாயை டிரம்மின் அடியில் வைக்காமல் ஒரு சாண் மேலே பொருத்தியிருக்கிறார். அதனால் தெளிந்தது மட்டும் வரும். அடுத்தது துணிப்பை. பழைய ஜீன்ஸ் பேண்டின் காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்தது! கடைசியாக லாரிக்குப் போடும் டீசல் பில்டர் ஒன்று. டிரம், குழாய், துணி எல்லாம் காயலான் கடைச் சரக்கு. பில்டர் மட்டும் புதுசு.

"தண்ணி இருக்கான்னு எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?"

"தோசைக்கல்லைச் சூடு பண்ணி நாலு சொட்டு விடு தம்பி. கடுகு தாளிச்ச மாதிரி படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு. சத்தமே இல்லாம புகைஞ்சா ரெடி."

என்ஜினையும் அவர் தந்திரமாகத்தான் ஓட்டுகிறார். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகே எண்ணெய்க்கு மாற்றுகிறார். நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மறுபடி டீசல். இல்லாவிட்டால் எண்ணெய் உள்ளேயே ஆறி, இன்ஜெக்டர் மூக்கில் கரி பிடித்துவிடும். பாமாயில் மார்கழி விடியலில் இன்னும் கெட்டிப்படும் என்று அலுத்துக்கொள்கிறார். இதைப் படித்துவிட்டு யாராவது புதுக் காரில் ஊற்றிப் பார்க்கப் போகிறீர்களா? வேண்டாம்! இப்போதைய டீசல் கார் இன்ஜெக்டரின் ஓட்டை முடியளவு. மிச்சம் பிடித்த காசு ஒரே ரிப்பேரில் போய்விடும்.

சரி, போலீசார் சொன்னதில் பாதி சரி என்றேனே, அது ஏன்?

முதல் காரணம் அந்த அடுப்பு. தண்ணீரை விரட்ட எண்ணெயைக் காய்ச்சுகிறார். அடியில் தங்கிய தண்ணீர் ஒரேயடியாக ஆவியானால் ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் விரியும். எண்ணெய் பொங்கி வழியும், அடுப்பில் விழும், பற்றும். பதறிப்போய் யாராவது ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் தீ கூரைக்கு எகிறும். அவர் ஷெட்டுக்கு மேல் மாடியில் இரண்டு குடித்தனம். பிள்ளை குட்டிகள் இருக்கிற இடம். கத்திரி வெயில் சும்மாதானே காய்கிறது? டிரம்மை வெட்டவெளியில் வைத்தால் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். நாள் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். எண்ணெய் பிழிந்த துணிகளையும் மூலையில் குவித்து வைத்திருந்தார். குவிந்து கிடக்கும் எண்ணெய்த் துணி தனக்குத்தானே சூடேறிப் பற்றுவது உண்டு. சொன்னேன். அண்ணன் நம்பாமல் சிரித்தார்.

இரண்டாவது காரணம் இன்னும் மோசம். பக்கத்தில் இருந்த அந்த இன்னொரு டிரம்! மூடியைத் திறந்தேன். கருகரு என்று இருந்தது. வண்டிகளில் இருந்து இறக்கிய என்ஜின் ஆயில்.

"இதையும் வடிகட்டி வைக்கிறேன் தம்பி. டீக்கடை அடுப்புக்குக் கேக்குறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரசத்தைத் துணியில் வடிகட்டினால் மிளகு நிற்கும், கறிவேப்பிலை நிற்கும். உப்பு நிற்குமா? ஓடித் தேய்ந்த என்ஜின் ஆயிலில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கின்றன. புற்றுநோய் வரவழைக்கும் நச்சும் இருக்கிறது. ஜீன்ஸ் துணி பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் அழுக்கை மட்டுமே. மற்றது அத்தனையும் அடுப்பில் எரிந்து, புகையாகி, டீ வாங்க நிற்பவர் நெஞ்சுக்குள் போகும். இதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடவும் முடியாது. 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குத்தான் போகவேண்டும். இந்தக் கறுப்பு டிரம்மைப் போலீசார் தூக்கிப் போயிருந்தால் நானே கை கொடுத்திருப்பேன். அவர்களோ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை!

போனில் பார்த்துவிட்டு, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து பயோ டீசலே வீட்டில் செய்கிறேன் என்று கிளம்பும் ஆட்களும் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதே மெத்தனால் கலந்த சாராயம்தான். லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூடாத சரக்கு அது. அதை வீட்டில் வைத்திருந்தால் போலீசாருக்கு வரும் சந்தேகம் நியாயமான சந்தேகம்.

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன். பஜ்ஜி எண்ணெய் டிரம்மை ஏன் எடுக்கவேண்டும்? எடுத்தால் அந்த எண்ணெய் எங்கே போகும்?

உணவு பாதுகாப்பு ஆணையம் போட்ட விதி 2018-ல் அமலுக்கு வந்தது. எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று பார்க்க ஓர் அளவு உண்டு. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக்கூடாது. அதே ஆண்டில் பழைய எண்ணெயை வாங்கிப் பயோ டீசல் ஆக்க 'ரூகோ' திட்டமும் வந்தது. நல்ல திட்டம். ஆனால் ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் இடங்கள்தான் கணக்கு எழுதி வைக்கவேண்டும் என்று 2019 மார்ச் முதல் விதி. தள்ளுவண்டி அக்காவுக்கு 50 லிட்டர் ஏது? நாளைக்கு இரண்டு லிட்டரோ மூன்று லிட்டரோதான். அவர் எந்த ஏட்டிலும் இல்லை.

அவருக்கு வழி மூன்று. ஒன்று, சாக்கடை. குழாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், மழைக்குத் தெரு நாறும். இன்னொன்று, மறுநாள் அதே எண்ணெயில் புதுசைக் கலந்து மறுபடி அடுப்பில் ஏற்றுவது. ஆபீஸ் விட்டு வந்து நாம் நின்றுகொண்டே சாப்பிடும் வாழைக்காய் பஜ்ஜி அதுதான். மூன்றாவது வழி, மெக்கானிக் அண்ணனின் டிரம். லிட்டருக்கு ஏதோ கொஞ்சம் காசும் கைக்கு வருகிறது.

மூன்றில் எது மேல்? எனக்குச் சந்தேகமே இல்லை. அடுப்பை அணைத்து, கறுப்பு டிரம்மை அப்புறப்படுத்தி, குடித்தனம் இல்லாத இடத்தில் அவர் வடிகட்டட்டும். அதுவும் ஆகாது என்றால், கார்ப்பரேஷன் குப்பை வண்டி தெருத்தெருவாக வருகிறதே, வாரம் ஒரு நாள் அதில் ஒரு எண்ணெய் கேனை வைத்து அனுப்பட்டும். பத்து கடை எண்ணெய் சேர்ந்தால் பெரிய கம்பெனி தானாக வந்து வாங்கும். இரண்டும் செய்யாமல் டிரம்மை மட்டும் தூக்கு என்றால், அது பஜ்ஜிச் சட்டிக்கே திரும்பிப் போ என்று சொல்வதுதானே?

நேற்று அந்தப் பக்கம் போனேன். டிரம் இல்லை. முனையில் தள்ளுவண்டி அக்கா கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் ஐந்து லிட்டர் கேன், கழுத்து வரைக்கும் கறுத்த எண்ணெய்.

"ஏன் தம்பி, நீ பேப்பர்காரன்தானே? அந்த மெக்கானிக் இனிமே வாங்கறதில்லையாம். இதை நான் எங்கே கொண்டுபோய் ஊத்தறது?"

கேனுக்கு இரண்டடி தள்ளி சாக்கடை. பக்கத்தில் துடைத்து வைத்த சட்டி.