அய்யமார் சங்கீதமா?

"என்ன தோழர், இன்னும் அய்யமாருங்க சங்கீதத்தை விடலையா?" பிள்ளையார்பாளையத்துத் தறிக்கூடம் ஒன்றில் என் கைப்பேசியில் தோடி ஓடிக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார். கேலிதான். ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேலி.

இந்தக் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் (1889–1934) ஊர். அவருக்கு முன்பே அவர் குடும்பத்தில் தனகோடி அம்மாள் பாடிப் பேர் வாங்கியவர். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் நாயனாப் பிள்ளையிடம் பாட்டுக் கற்றார்கள். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தார். தேவதாசி மரபுப் பெண்களை இழிவுசெய்து ஒதுக்கிய சமூகம், அவர்கள் பாட்டை மட்டும் சபாவுக்குள் வைத்துக்கொண்டது. அதை அய்யமார் சொத்து என்று நாமே பட்டா எழுதிக் கொடுப்பானேன்?

அதற்காக, கானாவைவிட என் தோடி உசத்தி என்று நினைத்தால் நானும் அக்கிரகாரத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தவன்தான். 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாட்டுகளும் இதே கைப்பேசியில்தான் இருக்கின்றன.

பறை கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று ஊரை எதிர்த்துப் பறையைக் கீழே வைத்தவர்களிடம் போய், "அது உங்கள் கலை, விடாதீர்கள்" என்று சொல்ல நான் யார்? என் சிலிர்ப்புக்காக அவர்கள் அதைத் திரும்பத் தோளில் மாட்ட வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை கிடார் வாசிக்கட்டும், வயலின் வாசிக்கட்டும், பறையையே விரும்பி எடுக்கட்டும்.

நண்பர் தோடிக்கு வரவில்லை. அவருக்குத் தேனிசைத் தென்றல் தேவாதான். தறியில் இப்போது அதுதான் ஓடுகிறது.