சுடும் சைலன்சர்... வெல்டிங் வைத்து புட்ரெஸ்டை தள்ளி வைக்கலாமா? டெல்டா கிராமங்களில் தொடரும் கால் காயம்

தஞ்சாவூர்:

நடவு சீசன் வந்துவிட்டால் திருவையாறு, ஒரத்தநாடு, பாபநாசம் ரோடுகளில் விடிந்ததும் மோட்டார் சைக்கிள் கூட்டம்தான். 2021-ல் டவுன் பஸ்சில் பெண்களுக்கு இலவச பயணம் வந்தது. ஆனாலும் பஸ் வயலுக்கு போகாது. வரப்பு வரைக்கும் கொண்டு போய் விடுவது வீட்டுக்காரரின் பைக்தான்.

இந்த பெண்களில் பலரின் வலது கெண்டைக்காலை பார்த்தால், கறுத்துப்போன தழும்பு ஒன்று இருக்கும். சைலன்சர் போட்ட முத்திரை அது!

இதனால் "பின்னாடி புட்ரெஸ்டை கொஞ்சம் தள்ளி வச்சு குடுண்ணே" என்று பட்டறையில் போய் கேட்கிறவர்கள் உண்டு. ஒரு இரும்பு பட்டையை வெட்டி, வெல்டிங் வைத்து ஒட்டிக்கொடுத்து விடுகிறார்கள். சின்ன வேலை, சின்ன காசு. விவகாரம் மட்டும் சின்னது இல்லை.

முன்பெல்லாம் சுடவில்லையே?

நம் ஊரில் புடவை கட்டிய பெண்கள் பைக்கில் ஒரு பக்கமாக, இடது புறம் கால் போட்டு உட்காருவார்கள். சைலன்சர் இருப்பது பெரும்பாலும் வலது புறம். இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்து வந்த பழைய ஜாவா, எஸ்டி மாதிரி வண்டிகள்தான் விதிவிலக்கு. அதனால் அந்த காலத்தில் பெண்களுக்கு இருந்த பயம் சூடு இல்லை, சக்கரத்தில் புடவை சிக்குவது.

சட்டமும் அதைத்தான் யோசித்தது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன சொல்கிறது? பின்னால் உட்காருபவர் பிடிக்க கைப்பிடி, கால் வைக்க புட்ரெஸ்ட், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு. இந்த மூன்றும் கட்டாயம். அந்த விதியில் சைலன்சர் சூடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. சுடிதார், நைட்டி போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறார்கள். அதுதான் நல்லது. எடை நடுவில் இருக்கும், வேகத்தடையில் தூக்கிப்போடாது. ஆனால் வலது கால் நேராக சைலன்சர் பக்கத்தில் போய் விட்டது. பள்ளிக்கூட பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். புட்ரெஸ்ட் வரை கால் எட்டாது. தொங்கும் கால் எங்கே படும்? சைலன்சரில்தான்.

ஒரு வினாடி போதும்

60 டிகிரி சூடுள்ள இரும்பில் 5 வினாடி கால் பட்டால் தோல் வெந்துவிடும். 70 டிகிரி என்றால் ஒரு வினாடியே போதும். ஓடி வந்து நிற்கும் பைக்கின் புகை பைப் 100 டிகிரியை சர்வசாதாரணமாக தாண்டும். என்ஜினில் இருந்து வளைந்து வரும் இடம் இன்னும் கொதிக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 வண்டிகளில் புகையை சுத்தம் செய்ய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. உள்ளே சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அதாவது, சூடு என்பது பழுது இல்லை. வண்டியின் இயல்பே அதுதான்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு சுடுவதே தெரியாது. ரப்பர் செருப்பு உருகும் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்ப்பார்கள். வெந்த காலோடு சேற்றில் இறங்கி நடவு நட்டால் புண் சீழ் பிடிக்கும். இறங்காவிட்டால் அன்றைய கூலி போச்சு.

வெல்டிங் வைத்தால் என்ன?

பல பைக்குகளில் சைலன்சரை தாங்கும் போல்ட்டும், பின்பக்க புட்ரெஸ்டும் ஒரே பட்டையில்தான் இருக்கும். இதை கழற்றி தள்ளி வைத்தால் சைலன்சரே ஆட ஆரம்பிக்கும். வெளியே நீட்டினால், ஆள் ஏறி மிதிக்கும் கனம் முழுவதும் ஒட்டிய இடத்தில் இழுக்கும். கல்லணை ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பிய்த்துக்கொண்டால், பின்னால் இருப்பவர் கீழேதான். முன்னால் தள்ளினால் ஓட்டுபவர் காலிலும் கிக்கரிலும் இடிக்கும். தாழ்த்தி வைத்தால் வளைவில் தரை தட்டும். பின்சக்கரத்தை தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டுவது எல்லாவற்றையும் விட தப்பு. சக்கரம் ஏறி இறங்கும்போது காலும் சேர்ந்து ஆடும். புது வண்டி என்றால் பேட்டரியை கழற்றாமல் வெல்டிங் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்டியும் போகலாம்.

சட்டமும் சாதகமாக இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டும். ரோட்டில் போலீசார் மடக்குவது என்னவோ டமால் டுமீல் சைலன்சரைத்தான். ஆனால் விபத்து ஆகி இன்சூரன்சுக்கு போய் நிற்கும்போது இந்த வெல்டிங்கும் கேள்விக்கு வரலாம்.

அப்படியானால் வழி? சைலன்சர் மேல் இருக்கும் தகடு, அதாவது சைலன்சர் கார்டுதான். சைலன்சரை கழற்றி மாட்டும்போது ஸ்குரு தொலைந்துவிட்டால் இந்த தகடு மூலைக்கு போய்விடும். வண்டிக்காரரும் கேட்பது இல்லை. சர்வீசுக்கு விட்டால் அதை கேட்டு மாட்டச்சொல்லுங்கள். சத்தத்துக்காக தடித்த சைலன்சர் மாட்டும் வாலிபர்கள், பின்னால் உட்காரப்போவது அம்மாவா, தங்கச்சியா என்று ஒரு தடவை நினைத்துப்பார்க்கலாம். இறங்கும்போது இடது பக்கமாகவே இறங்க வேண்டும்.

கம்பெனிக்காரர்களையும் விட முடியாது. ஒரு ஆம்பளை பேன்ட், ஷூ போட்டு உட்காருவதை வைத்து பின்சீட்டை போடுகிறார்கள். வாங்குவது குடும்பம். ஷோரூமில் மைலேஜ் கேட்பதற்கு முன், வீட்டம்மாவையும் பிள்ளையையும் ஏற்றி உட்காரவைத்து, கால் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் 15 வருஷம் ஆன வண்டியை புதுப்பிக்க பார்க்கும்போது, இந்த தகடு இருக்கிறதா என்றும் பார்த்தால் செலவு ஒன்றும் இல்லை.

சுட்டுவிட்டால் டூத்பேஸ்ட், பேனா மை, மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். பம்புசெட்டோ குழாயோ, ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் காலை காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உள்ளங்கையை விட பெரிய காயம் என்றாலும், சின்ன பிள்ளை அல்லது சர்க்கரை நோயாளி என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தஞ்சை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போய்விடுங்கள்.