சன்னலோரத் தொட்டி

கீரனூரில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். அந்தத் தவளை செத்ததற்கு ஐந்து பேரும் பொறுப்பு.

ஐப்பசி மழையில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது, பழுப்பு நிற மரத்தவளை. அதை அங்கேயே விட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பழைய மீன்தொட்டியில் விட்டு, மேலே வலை கட்டி, மேற்குச் சன்னலோரம் வைத்தோம். பூச்சி பிடித்துப் போட்டோம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். தை, மாசி வரை நன்றாக இருந்தது. வளர்க்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கம் மழை மறைவுப் பூமி. தென்மேற்குப் பருவமழை மலையோடு நின்றுவிடும், காற்று மட்டும் இறங்கி வரும். சித்திரையில் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும். நாங்கள் பாயை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனோம். தொட்டியை யாரும் நகர்த்தவில்லை. "தேரைதானே கண்ணு, கல்லுக்குள்ளயே கெடந்து பொழைக்கும்" என்றார் அம்மாயி. அதை நம்புவது எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இந்த ஊர்த் தவளைக்கு இந்த ஊர் வெயில் புதிதா என்று நானும் சொன்னேன்.

புதிதில்லைதான். ஆனால் வெளியே இருக்கும் தவளை வெயிலில் உட்கார்ந்திருப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியின் அடியில், வாழை மட்டை இடுக்கில், ஈரமான இடமாகப் பார்த்து நகர்ந்துகொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் சூடுதான் அதன் உடம்பின் சூடு. தண்ணீரை வாயால் குடிக்காது, தோலால் உறிஞ்சும். அதே தோல் வழியாக இழக்கவும் செய்யும். வீட்டுக்குள் வளர்க்கும் வெப்பநாட்டு மரத்தவளைகளுக்குப் பெரும்பாலும் 24 முதல் 28 டிகிரி போதும் என்பார்கள். அதைவிட முக்கியம், தொட்டியில் ஒரு பக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், வேண்டும்போது அது அங்கே போக வேண்டும். நாங்கள் வைத்த தொட்டியில் நான்கு பக்கமும் ஒரே சூடு.

பங்குனிக் கடைசியில் அது கையாலும் காலாலும் உடம்பைத் தேய்த்துக்கொள்ளத் தொடங்கியது. "குளிக்குது பாரு" என்று சிரித்தோம். செல்போனில் படம்கூட எடுத்தோம். பிறகுதான் படித்தேன்: இந்த இன மரத்தவளையைப் பற்றி 1997-இல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. தோலில் சுரக்கும் கொழுப்புப் பசையை உடம்பெங்கும் பூசி, ஈரம் ஆவியாகிப் போகாமல் காத்துக்கொள்ள அது செய்யும் வேலையாம் அது. எங்கள் கண்முன்னே அது தண்ணீரை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் கால்வாசிகூட இல்லை.

பட்டாசாலை மூலையில் எங்கள் மண்பானை இருந்தது. அடியில் மணல் பரப்பி, வெயில் படாத இடம் பார்த்து, ஈரத்துணி சுற்றி, காலையும் மாலையும் கவனித்த பானை. நுண்துளை வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது பானை குளிரும். எங்கள் வறண்ட காற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். தொட்டியை அந்த மூலைக்கு நகர்த்தி ஈரச்சாக்கு ஒன்றைப் பாதி போர்த்தியிருந்தால் போதும். செலவு ஒன்றுமில்லை. தெரியாத வித்தையும் இல்லை, தினமும் பானைக்குச் செய்தோம்.

சித்திரை மூன்றாம் வாரம், ஒரு கல்யாணத்துக்குப் பழனி போய் இருட்டிய பிறகு திரும்பினோம். கிண்ணம் காய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் தவளை ஒடுங்கிக் கிடந்தது.

மறுநாள் பையன் கடையிலிருந்து ஒரு வெப்பமானி வாங்கி வந்து, காலித் தொட்டிக்குள் வைத்தான். சாயங்காலம் நாலரைக்கு 43 காட்டியது. பானை மூலையில் கொண்டுபோய் வைத்தான். அரை மணியில் 31-க்கு இறங்கியது. ஐந்து பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.