ஆறாவது தூண்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஈரம் வற்றாத சதுப்புவெளி ஒன்றின் குறுக்கே நிற்கிறது ரிப்பிள்ஹெட் இரயில் பாலம். 24 வளைவுகள், ஏறத்தாழ 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். சுண்ணாம்புப் பாறையில் தூண்கள், செங்கல்லில் வளைவுகள். 1870இல் தொடங்கி 1874இல் முடித்தார்கள். புகைப்படங்களில் காண்போர் வியப்பது வளைவுகளின் பிசகாத ஒழுங்கையும், பின்னே படுத்திருக்கும் மலையையும்தான். அவ்வியப்பில் தவறில்லை. ஆயினும் அதன் மெய்யான அழகு வேறோரிடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அப்பாலத்தில் ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடித்தது. வளைவுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உந்தியபடி நிற்பவை. ஒரு தூண் சரிந்தால் அந்தச் சமநிலை குலைந்து அடுத்தடுத்தவையும் சாயும். அச்சரிவு தடித்த தூணோடு நின்றுவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. தன் படைப்பும் தவறக்கூடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் அடக்கம் அது. எழுதுகிறவர்களிடம்கூட அரிதாகவே காணக்கிடைப்பது.

கல்லுக்குக் கிடைத்த இந்த முன்யோசனை, கல் சுமந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சதுப்பிலேயே குடிசையிட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள் தொழிலாளர்கள். சில குடியிருப்புகளுக்கு செபஸ்டபோல், இங்கர்மன் என்று கிரீமியப் போர்க்களங்களின் பெயர்கள். பெயர் பொய்க்கவில்லை. விபத்திலும், 1871இல் பரவிய பெரியம்மையிலும் பலர் மாண்டார்கள். அருகிலுள்ள சேப்பல்-லெ-டேல் என்னும் சிற்றூரின் தேவாலயத் தோட்டத்தில் ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

1980களில், பழுதுபார்க்கும் செலவைக் காட்டி இந்தப் பாதையையே மூட முனைந்தது அன்றைய பிரிட்டிஷ் இரயில்வே. ஆயிரக்கணக்கானோர் எழுத்துமூலம் எதிர்த்தார்கள். 1989இல் மூடும் திட்டம் கைவிடப்பட்டது, பாலமும் செப்பனிடப்பட்டது. இன்றும் அதன்மேல் இரயில் ஓடுகிறது.

பழைய கட்டடங்களைக் காக்கக் கூடும் நாம், கட்டியவர்களை நினைக்க ஏன் இத்தனை தாமதிக்கிறோம்? பாலத்தை இரசிப்பது பிழையன்று. வளைவுகளோடு நின்றுவிடுவதே பிழை. அடுத்தமுறை அப்படத்தைக் காண நேர்ந்தால் தூண்களை எண்ணிப் பாருங்கள். தடித்த தூண் கண்ணில் படும். சதுப்பில் அந்தக் குடிசைகள் இப்போது இல்லை.