உறைந்துபோன யந்திரம்

வேலை கொடுத்தவுடன் அசையாமல் நின்றுவிடும் குணம் மனிதர்களுக்கும் வண்டி மாடுகளுக்கும் மட்டுமே உரியது என்று வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பது சென்ற சித்திரையில் மணலிக்குப் போயிருந்தபோது தெரிந்தது. கடிதம் எழுதச் சொன்னால் எழுதி, பாட்டுப் பாடச் சொன்னால் பாடி, கடினமான வேலை ஒன்றைத் தலையில் ஏற்றிய மாத்திரத்தில் கல்லாய்ச் சமைந்துவிடும் கம்ப்யூட்டர் ஒன்று நம் தமையனார் வீட்டு மாடியறையில் இருந்தது.

கடையில் முழுதாக வாங்கி வந்த யந்திரமல்ல அது. தமையனாரின் மகன் மவுண்ட் ரோடுக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெருவில் நாலைந்து முறை அலைந்து, மதர்போர்டு ஒரு கடையிலும், பிராசசர் ஒரு கடையிலும், மற்றவை வேறு கடைகளிலுமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டியது. இதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு. பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார், ஆர். நரசிம்மன் முதலியோரைக் கொண்டு, சுமார் 2,700 வால்வுகளை இணைத்து ஒரு கணக்கு யந்திரத்தை இந்த நாட்டிலேயே அமைத்து 1960-ல் ஓடவிட்டார்கள். 1962-ல் ஜவஹர்லால் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று நாமகரணம் செய்தார். ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த யந்திரத்தைவிட எத்தனையோ மடங்கு சாமர்த்தியமுள்ள ஒன்றை, கல்லூரி முடித்த ஒரு பிள்ளை மேஜைமேல் வைத்துத் திருப்புளியினால் பூட்டிவிடுகிறான் என்றால் காலம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது!

பூட்டியது சரி; ஓட வேண்டுமே? பையன் கலியாண வீடுகளில் எடுக்கும் படங்களைத் தொகுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறான். திருவொற்றியூரில் ஒரு கலியாணம். பாதிப் பணம் முன்னதாகவே வாங்கியாகிவிட்டது. முகூர்த்தம் முடிந்து ஒன்றரை மாதமாகியும் படம் போய்ச் சேரவில்லை. தொகுத்த காட்சிகளை ஒன்றாக்கி வார்க்கச் சொன்னால் பத்தாவது நிமிஷத்தில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் ஏந்தியபடி இருக்கிறார், கட்டுகிற பாடில்லை. பெண் வீட்டார் தினம் இரண்டு தடவை டெலிபோன் செய்கிறார்கள்.

“பிராசசர் போய்விட்டது, சித்தப்பா! புதிதாகப் போட்டால் பதினாலாயிரம் ஆகும்” என்றான் பையன். அந்தப் பதினாலாயிரம் எங்கிருந்து வரும் என்பதும் தீர்மானமாகியிருந்தது. அண்ணியார் மாதாமாதம் கட்டிவந்த சீட்டுப் பணம் அந்த வாரம் கைக்கு வருவதாயிருந்தது. “பிள்ளையின் பிழைப்பாயிற்றே” என்று அவர் சொன்னாரே தவிர, அந்தப் பணத்துக்கு அவர் மனத்தில் வேறு உத்தேசம் இருந்தது என்பதை முகம் சொல்லிற்று.

“பிராசசர்தான் போயிற்று என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டோம். பையன் பதில் சொல்லவில்லை. ஜுரம் என்றவுடன் தலையை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வைத்தியரை நாம் இதுவரை கண்டதில்லை.

பளுவான வேலையில் மட்டும் நின்றுபோகும் யந்திரத்தைப் பற்றி முதலில் சந்தேகிக்க வேண்டியது உஷ்ணம். பிராசசருக்கு வேலை ஏற ஏறச் சூடு ஏறும். இக்காலத்துப் பிராசசர்கள் பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரி வரையில் தாங்கும். அதை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பாலும் ஏறினால் அணைந்துவிடும். அறையின் சூட்டுக்கு மேல்தான் யந்திரத்தின் சூடு என்பதை மறக்கலாகாது. குளிர்ந்த அறையில் 75 டிகிரியில் நிற்கும் பிராசசர், சித்திரை வெயிலில் காய்ந்த மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள அறையில் 90-ஐத் தொட்டுவிடும்.

மணலியில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், அதைச் சுற்றி மற்ற ஆலைகளும் ஏற்பட்டு, இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற ஊர் இது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் மிகவும் மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று வகுத்த ஜாபிதாவில் மணலியும் இடம் பெற்றது. லாரிப் புழுதியும் புகைக்கரியும் எண்ணூர்ப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தில் தோய்ந்து வருவதனால், இங்கே தூசி என்பது வெறும் தூசியல்ல, ஒருவிதக் களிம்பு. கேபினெட்டின் மூடியைக் கழற்றியபோது மின்விசிறியின் இதழ்களில் அந்தக் களிம்பு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. போதாக்குறைக்கு, தூசி படாமலிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தினால், அண்ணியார் கேபினெட்டுக்கு மயில் போட்ட பூவேலை உறை ஒன்று தைத்து மாட்டியிருந்தார். யந்திரம் மூச்சு விட முடியாமல் மயிலுக்குள்ளே வெந்துகொண்டிருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையினால் சுத்தம் செய்தோம். பிராசசருக்கும் அதன் மேலுள்ள உலோகத்துக்கும் நடுவே பூசும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது; துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தோம். 97 டிகிரி காட்டிய யந்திரம் அதே வேலைக்கு 78 காட்டிற்று. வெற்றி என்று எண்ணிக் காப்பி சாப்பிட உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் நின்றது இப்போது நாற்பது நிமிஷத்தில் நின்றது! மாப்பிள்ளையின் கை சிறிது தாழ்ந்திருந்தது, அவ்வளவே லாபம்.

அடுத்த சந்தேகம் ராம் என்னும் ஞாபகப் பலகைகளின்மேல் போயிற்று. வேகத்துக்கு ஆசைப்பட்டு அவற்றைச் சாதாரண அளவுக்கு மேல் முடுக்கிவிடும் வழக்கம் பையன்களிடம் உண்டு. முதலில் பயாஸில் போய் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செய்தோம். பிறகு ‘மெம்டெஸ்ட்86’ என்ற பரீட்சையை இரவு முழுதும் ஓடவிட்டோம். இதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் குற்றம் குற்றந்தான். காலையில் பார்த்தபோது பிழை ஒன்றும் இல்லை. ராம் நிரபராதி.

பிராசசரை மட்டும் தனியே வருத்திப் பார்க்க ‘பிரைம்95’ என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1996-ல் இதை எழுதியவர் யந்திரங்களை வதைக்க எழுதவில்லை. இரண்டைப் பல முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களை உலகத்தார் பலரும் கூடித் தேடுவதற்காகவே எழுதினார். அந்தக் கூட்டு வேட்டையில் 2024 அக்டோபரில் அகப்பட்ட எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்! அத்தகைய கணக்கைப் போட்டும் நம் பிராசசர் ஒரு மணி நேரம் சளைக்காமல் நின்றது. பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் அரை மணி நேரம் வேலை கொடுத்தோம், அதுவும் நின்றது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தோம். ஏழாவது நிமிஷத்தில் திரை உறைந்துவிட்டது.

இங்கேதான் சூட்சுமம். தனித்தனியே உழைக்கும் இருவர் சேர்ந்து உழைக்கும்போது மட்டும் மயங்கி விழுவார்களானால், குற்றம் அவர்களிடத்தில் இருப்பதைவிடச் சோறு போடுகிற இடத்தில் இருப்பதுதான் சாத்தியம். வீட்டு மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத்தான் சொல்கிறோம்.

திருவொற்றியூரில் நாற்பது வருஷமாக ரேடியோ ரிப்பேர் செய்துவரும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் மல்டிமீட்டரை மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவே வைத்தார். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட். இரண்டு வேலையும் ஒன்றாகத் தொடங்கியதும் 11.6, 11.4, அப்புறம் 11.2 என்று இறங்கி, திரை நின்றது. 12 வோல்ட் பாதை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இறங்கலாகாது, அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி.

“தம்பி, இதை எப்படி வாங்கினே?” என்று கேட்டார் பெரியவர்.

“500 வாட் என்று போட்டிருந்தது, ஐயா. விலையும் குறைவு.”

பெரியவர் பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, சீட்டிலுள்ள பொடி எழுத்தைப் படித்தார். 12 வோல்ட் பாதையில் 18 ஆம்பியர் என்று கண்டிருந்தது. பெருக்கினால் 216 வாட். பிராசசருக்கு 90, கிராபிக்ஸ் கார்டுக்கு 150, ஆக 240 வாட் அந்தப் பாதையிலேயே வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் இருந்த 500, விளம்பரம். கீழே பொடி எழுத்தில் இருந்த 216, உண்மை. அதுவும் புதிதாயிருந்தபோதைய உண்மை! உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களுக்குச் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மயிலுக்குள்ளே வெந்த ஒரு வருஷம் அவற்றை என்ன செய்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பையன் ஆவலோடு அந்தப் பெட்டியைத் திறக்கப் போனான். பெரியவர் அவன் கையைத் தட்டிவிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதற்குள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். பழகாதவர்கள் தொடக் கூடாத வஸ்து அது.

சிநேகிதன் ஒருவனிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டினான். வேறெதையும் தொடவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதில் பெரியவர் கண்டிப்பாயிருந்தார். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்குத் தெரியும்? மூன்று மணி நேரம் இரண்டு வேலையும் சேர்ந்து ஓடின. வோல்ட் 12-ஐ விட்டு நகரவில்லை. அன்றிரவு மாப்பிள்ளை தாலி கட்டி முடித்தார். கெட்டி மேளம் தெருவரையில் கேட்டது.

மறுநாள் பையன் ரிச்சி தெருவுக்குப் போய், இந்தத் தடவை பொடி எழுத்தைப் படித்து, 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் கொடுப்பதாகப் பார்த்து, சுமார் நாலாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தான். பெண் வீட்டார் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்; தாமதத்துக்காக ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள். சீட்டுப் பணம் வந்தது. அண்ணியார் அதை என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பூவேலை உறை இப்போது அவருடைய தையல் யந்திரத்தின்மேல் இருக்கிறது. அளவு சிறிது பெரிதுதான். மயிலின் தோகை தரையில் புரளுகிறது.