இறங்கித் தள்ளுவதற்கோ பாதை?

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளைப் பாராட்டாதார் இல்லை. அயல்நாட்டு விருந்தினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டப்படுவனவற்றுள் அவையும் சேர்ந்துவிட்டன. மோட்டார் வாகனங்கள் நுழைய முடியாத நிழல்வழி. ஒருபுறம் நீரோடை, மறுபுறம் மரவரிசை. விடியற்பொழுதில் நடப்போர், ஓடுவோர், மிதிவண்டியில் விரைவோர். குறுகிய தீவொன்றில் இத்துணைப் பசுமை வழிகளைப் படைத்த திறத்தை யாரும் மறுக்கார். மறுக்க வேண்டுவது வேறொன்று. அப்பாதைகளை எந்த அளவுகோல் கொண்டு அளக்கிறார்கள் என்பதே அது.

கிலோமீட்டர்க் கணக்கு மட்டும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வந்திருக்கிறது. 1991ஆம் ஆண்டில் திட்டம் ஏற்கப்பட்டது. முதற்பாதை காலாங் ஆற்றங்கரையில் அமைந்தது. 2007இல் கிழக்குக் கரைப் பூங்கா, சாங்கி, பாசிர் ரிஸ், பிடோக் நீர்த்தேக்கம் ஆகியவற்றைச் சுற்றிவரும் 42 கிலோமீட்டர் வளையம் நிறைவெய்தியது. 2015இல் மொத்த நீளம் 300 கிலோமீட்டரை எட்டியது; 2030க்குள் 500 என்பது இலக்கு. குடியிருப்பு நகர்களுக்குள் அமையும் மிதிவண்டித் தடங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் இலக்கு வகுத்திருக்கிறது. எண்கள் பெரியவை, பெருமைக்கும் உரியவை. ஆயின், ஒரு பாதையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்பவன் எத்தனை இடத்தில் நிற்கிறான், எத்தனை இடத்தில் இறங்கித் தள்ளுகிறான் என்னும் எண் எந்த அறிவிப்பிலும் முன்னிற்பதில்லை. நூறு துண்டுகளை வரிசையாக வைத்து, அதற்குக் கயிறு என்று பெயரிட்டால், கிணற்றில் நீர் இறைப்பவன் ஒப்புக்கொள்வானா?

இப்பாதைகள் பிறந்த கதையை அறிந்தால் குறை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். பெருமழை பெய்யும் நாடு இது. வெள்ளத்தை விரைந்து கடலில் சேர்க்க அகன்ற கால்வாய்கள் வெட்டப்பட்டன. அவற்றைத் துப்புரவு செய்யவும் பழுது பார்க்கவும் ஆட்கள் சென்றுவர வேண்டி, இரு கரைகளிலும் கட்டடம் எழுப்பக்கூடாத நிலக்கீற்று விடப்பட்டது. சாலையோரங்களிலும் இத்தகைய ஒதுக்கு நிலங்கள் கிடந்தன. வேறு எதற்கும் பயன்படாத அந்த நிலத்தில் மரம் நட்டுப் பாதையிட்டால் பூங்காக்களை இணைத்துவிடலாமே என்று கண்டதுதான் இத்திட்டத்தின் உயிர். நிலம் விலைக்கு வாங்கப்பட வேண்டியதில்லை. வீடுகள் இடிக்கப்பட வேண்டியதில்லை. உண்மையிலேயே நல்ல மதியூகம்.

ஆனால் கால்வாய் சாலையைச் சந்திக்கும் இடத்தில் என்ன நிகழ்கிறது? கால்வாய்நீர் பாலத்தின் அடியில் நுழைந்து மறுபுறம் போய்விடுகிறது. கரையில் வந்த மனிதன் மேலேறிச் சாலையின் விளிம்பில் நிற்கிறான். நேரெதிரே, இருபது அடித் தொலைவில், அவனது பாதையின் மறுபாதி கண்ணுக்குத் தெரிகிறது. போக முடியாது. இடையில் இரும்புக் கம்பித் தடுப்பு. ஒன்று, நெடுந்தொலைவு விலகிச் சென்று சமிக்ஞை விளக்கடியில் காத்திருந்து, மறுபுறம் அதே தொலைவு திரும்பி வரவேண்டும். அல்லது படிக்கட்டுள்ள நடைமேம்பாலத்தில் வண்டியைத் தள்ளி ஏற்றி இறக்க வேண்டும். ‘இறங்கித் தள்ளுக’ என்று பலகை பணிக்கிறது. காரோட்டியை எவரேனும் எந்தச் சாலைச் சந்திப்பிலாவது இறங்கித் தள்ளச் சொன்னதுண்டா?

இதைப் பெருங்குறையாகக் கொள்ளலாமா என்று கேட்பார் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு உலா வருபவருக்கு இது குறையே அன்று. நிற்கும் இடத்தில் அவர் மூச்சு வாங்குவார். குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பார். ஒரு படமும் எடுத்துக்கொள்வார். அவருக்குப் பாதையே போய்ச்சேரும் இடம். வேலைக்குப் போகிறவருக்கோ பாதை ஒரு வழி மட்டுமே. ஏழு கிலோமீட்டர் தொலைவில் பத்து முறை நிறுத்தப்படுபவர் மூன்றாம் நாள் அந்தப் பாதையை விட்டுவிட்டு, பேருந்துகளும் சுமையுந்துகளும் உராய்ந்து செல்லும் பெருஞ்சாலையில் இறங்கிவிடுகிறார். அங்கே விபத்து நேர்ந்தால், ‘அழகான பாதை பக்கத்தில் இருக்க இவன் ஏன் சாலைக்கு வந்தான்?’ என்னும் கேள்வியும் பிறந்துவிடுகிறது. பாதுகாப்பான வழியைத் துண்டாடி வைத்துவிட்டுப் பாதுகாப்பற்ற வழியில் சென்றவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வகை நீதி?

துண்டுபடாத பாதை இத்தீவில் இயலாத ஒன்று என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஏனெனில் அத்தகைய பாதை கண்முன் கிடக்கிறது. பழைய இருப்புப்பாதைத் தடத்தையே இங்கே நினைவூட்ட வேண்டும். 1903இல் ரயில் முதன்முதல் ஓடத் தொடங்கியபோது அதன் நகர நிலையம் டேங்க் ரோட்டில் இருந்தது. நகருக்குள் சாலையும் இருப்புப்பாதையும் ஒரே மட்டத்தில் குறுக்கிட்ட இடங்களில் ரயில்வே கேட் மூடப்படும், வண்டிகள் தேங்கும், மக்கள் முணுமுணுப்பர். அந்தத் தொல்லையிலிருந்து மீளவே புக்கிட் தீமாவிலிருந்து தஞ்சோங் பகாருக்குப் புதுத்தடம் போடப்பட்டு 1932இல் திறக்கப்பட்டது. மேடு வந்த இடத்தில் குடைந்தும், பள்ளத்தில் கரை எழுப்பியும், சாலை குறுக்கிட்ட இடத்தில் இரும்புப் பாலம் அமைத்தும் அன்றைய பொறியாளர்கள் வழி கண்டார்கள். அந்தக் கரைகளில் மண் சுமந்தவர்களிலும் தண்டவாளம் காத்தவர்களிலும் தமிழர் மிகப் பலர். குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இருப்புப்பாதை ஓரமாக ரயில்வே ஊழியர்கள் அந்த 1932ஆம் ஆண்டிலேயே எழுப்பிய சிறு வழிபாட்டிடந்தான் பின்னாளில் காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாக உயர்ந்த ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம்.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு அத்தடத்தில் ரயில் ஓய்ந்தது. மறுநாள் நிலம் சிங்கப்பூரின் கைக்கு வந்தது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நிலத்தைக் கூறுபோட்டு விற்காமல் பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே கோரியிருந்தது, பொதுமக்கள் பலரும் குரல் கொடுத்தனர், அரசாங்கமும் செவிசாய்த்தது. இன்று அதன் தென்பாதியில் மிதிவண்டி செலுத்துபவன் புக்கிட் தீமாவின் இரும்புப் பாலத்தில் சாலைக்கு மேலாகவும், வேறிடங்களில் சாலைக்குக் கீழாகவும் கிலோமீட்டர் கிலோமீட்டராகத் தடையின்றிச் செல்கிறான். தளம் வெறும் மண்ணும் சரளையுமே. மழை பெய்தால் சேறு தெறிக்கும். இருந்தும் ஏன் மக்கள் அதை விரும்புகிறார்கள்? அழகு ஒரு காரணம். யாரும் இறங்கச் சொல்வதில்லை என்பது அதனினும் பெரிய காரணம். இரயிலுக்காக 1932இல் செய்ய முடிந்ததை மனிதனுக்காக இன்று செய்யக் கையாலாகாதா?

செய்ய முடியும் என்பதற்கு அரசாங்கத்தின் திட்டமே சான்று. பீஷானிலிருந்து நகர்வரை காலாங் ஆற்றோரமாக ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் செல்லும் பாதையில், தீவு விரைவுச்சாலையைத் தாண்ட மிதிவண்டிப் பாலமும், வேறு சாலைகளைக் கடக்கச் சுரங்கவழியும் அமைக்க நகர மறுசீரமைப்பு ஆணையம் திட்டம் தீட்டியது. போற்ற வேண்டிய முயற்சி. ஆனால் நாட்டின் முதற்பாதைக்கே கால் நூற்றாண்டு கழித்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்றால், பிற்பாடு பிறந்த பாதைகள் எத்தனை காலம் காத்துக் கிடக்க வேண்டும்?

இடையில் வேறொரு சண்டை மூண்டிருக்கிறது. நடப்பவர் மிதிவண்டிக்காரரை ஏசுகிறார். மிதிவண்டிக்காரர் பாதை முழுதும் அணிவகுத்து நடப்பவரை ஏசுகிறார். 2018 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டம் நடைபாதையில் மிதிவண்டி செலுத்த அனுமதித்தது. பின்னர் அங்கே வேகவரம்பு மணிக்குப் பத்துக் கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. மின்ஸ்கூட்டர்கள் பெருகின, விபத்துகளும் பெருகின. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மிதிவண்டியில் சென்ற பெண்மணி ஒருவர் மின்ஸ்கூட்டர் மோதி உயிரிழந்தார். நாடே கொதித்தது. அவ்வாண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்கள் தடைசெய்யப்பட்டன. தடை சரியே. ஆனால் அங்கிருந்து விரட்டப்பட்டவை எங்கே போயின? மிதிவண்டித் தடங்களுக்கும் பூங்கா இணைப்புப் பாதைகளுக்கும் வந்தன. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய், கைத்தடி ஊன்றிய முதியவர், உணவு கொண்டு விரையும் இளைஞன் எல்லாரையும் ஒரே குறுகிய பட்டையில் அடைத்து, ‘விட்டுக்கொடுத்துச் செல்லுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நடப்பவரும் மிதிவண்டிக்காரரும் ஒருவரையொருவர் கடிந்துகொண்டிருக்கும்வரை, பக்கத்தில் மூன்று தடம் நான்கு தடமாய் விரிந்து கிடக்கும் கார்ச்சாலையைப் பற்றி எவரும் வாய்திறக்க மாட்டார்கள். இந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு சாலைகளுக்கே போய்விட்டது. நிலமில்லை என்னும் பாட்டு மிதிவண்டி வரும்போது மட்டும் ஏன் பாடப்படுகிறது?

வெயிலில் யார் மிதிவண்டி ஓட்டுவார் என்று குளிரூட்டிய அறையிலிருந்து வினவுவோர் தெம்பனிசுக்குப் போய்ப் பார்க்கலாம். நடைபாதையில் மிதிவண்டிக்கு இடந்தரும் சோதனை 2007இல் அங்கேதான் தொடங்கியது. கூடையில் கீரைக்கட்டும் மீனுமாகச் சந்தையிலிருந்து திரும்பும் மூதாட்டியும், பெருவிரைவு ரயில் நிலைய வாயிலில் வண்டியைப் பூட்டிவிட்டு வேலைக்கு ஓடும் இளைஞரும் அங்கே அன்றாடக் காட்சி. அவர்களுக்கு வெயில் புதிதன்று. வெயிலுக்கு மருந்து மரநிழல். அது பூங்காப் பாதைகளில் தாராளமாக உண்டு. நாற்சந்தியில் ஆறுவழிச் சாலையின் நடுவே விளக்கை எதிர்நோக்கி நிற்பதற்குத்தான் நிழலில்லை.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கலாகாது. அவர்களைக் கணக்கில் சேர்க்காமலே எல்லாத் திட்டங்களும் எழுதப்படுகின்றன. துவாஸ், கிராஞ்சி வட்டாரங்களின் தொழிலாளர் விடுதிகளைச் சுற்றிப் பழைய மிதிவண்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து இந்நகரைக் கட்டுகிற கைகளுக்குச் சொந்தமானவை அவை. கப்பல் பட்டறைக்கும் மளிகைக் கடைக்கும் அவர்களை ஏற்றிச்செல்லும் ஒரே ஊர்தி. கனரக வாகனங்கள் இடைவிடாது ஓடும் சாலைகளில், பின்விளக்கும் இல்லாமல், இரவு வேலை முடிந்து அவர்கள் திரும்புகிறார்கள். பூங்காவையும் பூங்காவையும் இணைக்க வேண்டும் என்று தோன்றிய மூளைக்கு விடுதியையும் பட்டறையையும் இணைக்க வேண்டும் என்று முதலில் தோன்றியிருந்தால் வரைபடம் வேறாக இருந்திருக்கும். அவர்கள் குடிமக்களல்லர், சில ஆண்டுகளில் திரும்பிப் போகிறவர்கள் என்று சிலர் முணுமுணுக்கக்கூடும். சுமையுந்தின் சக்கரத்துக்குக் குடியுரிமை பார்க்கத் தெரியாது.

எல்லாச் சந்திப்பிலும் சுரங்கம் வெட்ட வேண்டும், எல்லாச் சாலைக்கும் பாலம் கட்ட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கருவூலத்துக்கும் எல்லையுண்டு. சிறு தெருக்களில் பாதையின் மட்டத்துக்குச் சாலையை உயர்த்திக் காரோட்டியை மெதுவாகச் செல்ல வைக்கலாம். அதற்குச் சில லாரி தாரே செலவு. பெருஞ்சாலைகளில் கம்பித் தடுப்பை அகற்றிப் பாதைக்கு நேரெதிரே விளக்கமைத்து, மிதிவண்டியோடு வருபவனுக்கும் நடந்து வருபவனுக்கும் காருக்குச் சமமாக நேரம் ஒதுக்கலாம். கால்வாய்ப் பாலத்தின் அடியில் தலை இடிக்காத உயரம் இருக்கும் இடங்களில் கரையோரமாகவே ஒரு மேடை அமைத்துவிடலாம். வெள்ளம் வரும் சில மணி நேரம் மட்டும் அதை மூடி வைத்தால் போதும். விரைவுச்சாலை குறுக்கிடும் ஒருசில இடங்களுக்கே பாலம் தேவைப்படும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டுவது செலவேயில்லாதது. புதிய பாதை திறக்கப்படும் நாளில் அதன் நீளத்தைப் பொறிக்கும் கல்லிலேயே, அப்பாதையில் மிதிவண்டி எத்தனை முறை நிறுத்தப்படுகிறது, எத்தனை முறை இறங்கித் தள்ளப்படுகிறது என்னும் எண்ணையும் பொறிக்க வேண்டும். திறந்து வைக்க வரும் பெருமகனார் அதை வாசித்துவிட்டு நாடாவை வெட்டட்டும்.