பூதம் எது?

பேய்க்கதையும் பூதக்கதையும் பாலர்க்கும் பாமரர்க்குமே உரியன. தேசகாரியத்தில் ஈடுபட்டோர்க்கு அவற்றால் யாது பயன் என்று நமது அன்பர் சிலர் கேட்கின்றனர். அவர்கள் மெக்ஸிகோ தேசத்தவரான கில்லெர்மோ தெல் தோரோ 2006-இல் வெளியிட்ட 'பான்ஸ் லாபிரிந்த்' என்னும் படத்தைப் பார்க்கவேண்டுமென்பது நமது விருப்பம்.

கதை நிகழ்வது 1944-இல், ஸ்பெயின் தேசத்தில். உள்நாட்டு யுத்தம் 1939-இல் முடிந்து பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைத்துவிட்டது. மலைக்காட்டில் சில போராளிகளே எஞ்சியுள்ளனர். அவர்களை ஒழிக்க வந்த காப்டன் விடாலின் மனைவிக்கு முதற் கணவன்பால் பிறந்தவள் சிறுமி ஒபேலியா. கொம்புடைய வனதேவன் ஒருவன் தோன்றி அவளுக்கு மூன்று காரியங்களை விதிக்கிறான். குழந்தைகளைத் தின்னும் பூதமொன்று, உள்ளங்கைகளில் கண்கள் உடையது, உணவு நிறைந்த மேஜைமுன் அமர்ந்திருக்கிறது. காப்டனும் மேஜைமுன் அமர்ந்து விருந்துண்கிறான்; ஊராருக்கோ ரொட்டி பங்கீட்டுச் சீட்டில் அளக்கப்படுகிறது. இரண்டு மேஜைகளும் ஒன்றே என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. முயல் வேட்டையாடிய குடியானவனையும் அவன் மகனையும் விசாரணையின்றிக் கொன்றது பூதமன்று. உத்தியோக உடை தரித்த மனிதன்.

முடிவில் வனதேவன் பச்சிளந் தம்பியின் இரத்தத்துளி கேட்கிறான். ஒபேலியா மறுக்கிறாள், காப்டனின் குண்டுக்கு உயிரையும் இழக்கிறாள். கட்டளை தேவனிடமிருந்தே வரினும் அதர்மமாயின் மறுத்தல் கடமை. கொடுங்கோலனை வளர்ப்பது அவன் பலமன்று, கேள்வி கேளாது கீழ்ப்படிவோரின் வழக்கமே என்பது நமது துணிபு. இதனை ஒரு சிறுமி உணர்ந்தாளாயின், கற்றறிந்த நாம் உணராதிருத்தற்கு நியாயம் யாதுளது?